களஞ்சியத்தில் வைத்த மழைமானி

'மழைமானி' என்பது பள்ளிப் பாடநூல் வழியாக எல்லோருக்கும் அறிமுகமான சொல். ஒரு புனல், ஒரு குடுவை, ஒரு கண்ணாடி அளவுகுழாய் என்று அதன் படமும் நினைவில் நிற்கும். தாசில்தார் அலுவலக வளாகத்தின் மூலையில், கம்பி வேலிக்குள் அது நிற்பதைக் கண்டவர்களும் உண்டு. வானிலைக் கருவி நீதிமன்றத்திலோ பள்ளியிலோ கோயிலிலோ நிற்காமல் ஏன் வருவாய்த்துறை அலுவலகத்தில் நிற்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்விக்கான விடை அக்கருவியின் பழம்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இந்தியத் துணைக்கண்டத்தில் இக்கருவிக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெயர்களுள் ஒன்று 'வர்ஷமானம்'. வர்ஷம் என்பது மழை, மானம் என்பது அளவு. கௌடிலியரின் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் இச்சொல் வருகிறது. அந்த நூல் பல நூற்றாண்டுகள் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடியில் அது இருப்பதை 1905-இல் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார். மூலம் 1909-இல் அச்சேறியது, ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-இல் நூலாக வந்தது. தமிழ்நாட்டில் வடமொழி எழுதுவதற்கென வழங்கிய எழுத்தில், தமிழ்நாட்டு ஓலையில் தங்கிக் கிடந்ததால்தான் இந்தியாவின் பழைய மழைமானி பற்றிய குறிப்பு இன்று நம் கைக்கு வந்திருக்கிறது. இது தனியே நினைக்கத்தக்க செய்தி.

அக்குறிப்பு மிகச் சுருக்கமானது. அரசின் பொருள்களைக் காத்துவைக்கும் 'சந்நிதாதா' என்னும் அதிகாரி கட்ட வேண்டிய கருவூலம், பண்டகசாலை, தானியக் களஞ்சியம், படைக்கலக் கொட்டில், சிறை முதலியவற்றைப் பேசும் அத்தியாயத்தில், களஞ்சியத்தில் ஓர் அரத்னி அகல வாயுடைய குண்டம் ஒன்றை மழை அளக்க வைக்க வேண்டும் என்று வருகிறது. அரத்னி என்பது 24 விரற்கடை, அதாவது ஏறத்தாழ ஒரு முழம், 18 அங்குலம். குண்டத்தின் ஆழம் எவ்வளவு, அது மண்ணா செம்பா என்பது பற்றி நூல் பேசவில்லை. வாயின் அகலத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அது சரியான நிறுத்தமே. மழையின் அளவைத் தீர்மானிப்பது எத்தனை பரப்பில் விழுந்த நீர் பிடிபட்டது என்பது மட்டுமே. உட்புற வடிவம் எப்படியிருந்தாலும் கணக்கு மாறாது. இதை அறிந்து எழுதினார்களா, வழக்கத்தை அப்படியே பதிந்தார்களா என்று வாதிடுவதைக் காட்டிலும், கருவி எங்கே வைக்கப்பட்டது என்பதைப் பார்ப்பது பயன் தரும். கணியர் கூடத்திலும் வேள்விச் சாலையிலும் அது இல்லை. நெல்லும் பயறும் குவிந்து கிடக்கும் களஞ்சியத்தில், கணக்குப் பிள்ளைகளின் கண் எதிரில் இருந்தது.

அளவலகும் அதையே சொல்கிறது. அதே அதிகரணத்தில், அரசின் பயிர்நிலங்களை மேற்பார்க்கும் 'சீதாத்யட்சன்' பற்றிய அத்தியாயம் பல நாடுகளின் மழையைப் பட்டியலிடுகிறது. வறண்ட நிலத்துக்கு 16 துரோணம். ஈரநிலத்துக்கு அதிலும் பாதி கூடுதல். அச்மக நாட்டுக்கு பதின்மூன்றரை துரோணம். அவந்திக்கு 23 துரோணம். மேலைக் கடற்கரையான அபராந்தத்துக்கும் இமயப் பகுதிக்கும் அளவிறந்த மழை என்று எழுதி மேலே போய்விடுகிறது. துரோணம் என்பது தானியம் அளக்கும் படி. வயலில் விளைந்ததை எந்தப் படியால் அளந்து அரசன் பங்கு வாங்கினானோ அந்தப் படியின் பெயராலேயே வானத்து நீரும் அளக்கப்பட்டது. களஞ்சியத்துக்குள் வரப்போகும் தானியத்துக்கு முன்னறிவிப்பாக, அக்களஞ்சியத்துக்குள்ளேயே நீர் முதலில் அளக்கப்பட்டது எனலாம்.

இந்தத் துரோணத்தை இன்றைய அளவுக்குக் கொண்டுவர முடியுமா? ஓர் உத்தேசக் கணக்கு போடலாம். ஒரு துரோணம் 200 பலம் என்ற பொது வாய்பாட்டையும், ஒரு பலம் சுமார் 38 கிராம் என்ற மதிப்பையும் எடுத்துக்கொண்டால் ஒரு துரோணம் நீர் ஏறத்தாழ ஏழரை கிலோ. 18 அங்குல விட்டமுள்ள வட்ட வாயின் பரப்பு சுமார் 1,640 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு துரோணம் மழை என்பது நான்கரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 16 துரோணம் என்பது 74 சென்டிமீட்டர், அச்மகத்தின் பதின்மூன்றரை 62 சென்டிமீட்டர், அவந்தியின் 23 என்பது 106 சென்டிமீட்டர். கோதாவரிக் கரையிலுள்ள அச்மகப் பகுதிக்கும் உஜ்ஜயினியைச் சூழ்ந்த அவந்திக்கும் இந்த எண்கள் நம்ப முடியாதவை அல்ல. பலத்தின் எடையைச் சிறிது கூட்டினாலும் குறைத்தாலும் விடை மாறும் என்பதால் இதைத் துல்லியம் என்று கொண்டாடுவதற்கில்லை. ஆனால் அச்மகத்தைவிட அவந்தி ஈரமானது, கொங்கணக் கரை இரண்டையும் விஞ்சியது என்ற வரிசை சரியானது. எண்ணிப் பார்த்த ஒருவருடைய கை இதன் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

அதைவிட வியப்பானது மாதக் கணக்கு. மழைக்காலத்தின் நான்கு மாதங்களில் முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கும், நடுவில் உள்ள இரு மாதங்கள் மூன்றில் இரு பங்கும் பெய்தால் அது நல்ல ஆண்டு என்கிறது நூல். இந்திய வானிலை ஆய்வுத்துறை 1971 முதல் 2020 வரையிலான சராசரியாகக் கொள்ளும் தென்மேற்குப் பருவமழை சுமார் 87 சென்டிமீட்டர். அதில் நடுமாதங்களான ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்து ஏறக்குறைய 62 விழுக்காடு. பழைய நூலின் மாதங்களும் இன்றைய மாதங்களும் நாளுக்கு நாள் பொருந்துவன அல்ல. ஆயினும் மழைக்காலத்தின் வடிவம் ஒன்றுதான். எவ்வளவு பெய்தது என்பதோடு எப்போது பெய்தது என்பதும் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்பதை அந்தக் களஞ்சிய அதிகாரிகள் அறிந்திருந்தனர்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. அர்த்தசாஸ்திரத்தின் துரோணம் ஒன்றல்ல. அரசுக்கு வருவாயாக வாங்கும்போது 200 பல துரோணம், வாணிகத்தில் நூற்று எண்பத்தேழரை, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது 175, அந்தப்புரத்துக்கு நூற்று அறுபத்திரண்டரை என நான்கு வகை. வாங்கும் படி பெரிது, கொடுக்கும் படி சிறிது. உழவன் களத்துமேட்டில் இன்றும் முணுமுணுக்கும் புகார் அன்றைக்கே சட்டமாக எழுதப்பட்டிருந்தது! மழையை இவற்றுள் எந்தத் துரோணத்தால் அளந்தனர் என்பதை நூல் வெளிப்படையாகச் சொல்லவில்லை. வருவாய்க்குரிய 200 பலத்தைக் கொள்வதே பொருத்தம் என்பதற்கு, பிற்கால நூல் ஒன்றின் வாய்பாடு துணை நிற்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் அவந்தி நாட்டில் வாழ்ந்த வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் மழை அளக்கும் குண்டத்துக்கு ஒரு முழ அகலமே விதிக்கிறார். 50 பலம் ஓர் ஆடகம் என்றும் வகுக்கிறார். நான்கு ஆடகம் ஒரு துரோணம் என்பதால் அங்கும் 200 பலமே வருகிறது.

ஆனால் வராகமிகிரரிடம் கருவியின் நோக்கம் இடம் மாறிவிடுகிறது. ஆனித் திங்கள் பௌர்ணமிக்குப் பின் பூராடம் முதலிய நட்சத்திரங்களில் பெய்யும் மழையை அளந்து, அதைக்கொண்டு அந்த ஆண்டு முழுவதும் பெய்யப்போகும் மழையைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய முறை. பெய்ததை எழுதிவைக்க இருந்த பாத்திரம், பெய்யப்போவதைச் சொல்லும் பாத்திரமாகிறது. கிருஷி பராசரம் என்ற வேளாண் நூலுக்கு வரும்போது பாத்திரமே தேவையற்றுப் போகிறது. அந்த ஆண்டின் கோள்நிலையைக்கொண்டு இத்தனை ஆடகம் மழை என்று கணித்து, அதில் பத்துப் பங்கு கடலிலும் ஆறு பங்கு மலையிலும் நான்கு பங்கு மண்ணிலும் பெய்யும் என்று பிரித்துவிடலாம். தமிழ்ப் பஞ்சாங்கங்களின் முதற்பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு இது புதிதன்று. 'இவ்வாண்டு மூன்று மரக்கால் மழை' என்றும், கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நாட்டுக்கு இத்தனை என்றும் ஆண்டுதோறும் அச்சாவது இந்த மரபின் தொடர்ச்சியே. மரக்காலும் தானியம் அளக்கும் படிதான். களஞ்சியத்திலிருந்து குண்டம் மறைந்துபோன பின்னும் அதன் அலகு மட்டும் பஞ்சாங்கத்தில் உயிர்தரித்திருக்கிறது. பஞ்சாங்க மழையை நகைச்சுவையாகப் பேசுவோர், ஒரு காலத்தில் அந்த மரக்காலுக்குள் உண்மையாகவே நீர் இருந்தது என்பதை நினைவில் வைத்திருத்தல் நலம்.

உழவர்களோ கணியர்களையும் கணக்கர்களையும் நம்பியிருக்கவில்லை. தமிழ்நாட்டுப் புன்செய்ப் பகுதிகளில் 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று சொல்லும் வழக்கு உண்டு. ஈரம் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, ஏர் பிடிக்கப் பதம் வந்ததா என்பதே அங்கே அளவு. இந்த அளவையில் வானத்திலிருந்து விழுந்த நீர் கணக்கில் இல்லை, மண் ஏற்றுக்கொண்ட நீரே கணக்கு. ஒரே மழை கரிசலில் ஓர் உழவாகவும் செம்மண்ணில் வேறாகவும் நிற்கும். பயிருக்கு எது வேண்டுமோ அதை அளப்பதால் அறிவியல் நோக்கில் இது குறைந்த அளவை அல்ல. ஆனால் ஓர் ஊரின் உழவு மழையை மற்றோர் ஊரின் உழவு மழையோடு கூட்ட முடியாது. அரசுக்கு வேண்டியது கூட்டக்கூடிய எண். கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில், 1441-ஐ ஒட்டி, ஒரே அளவுள்ள மழைமானிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பியதற்கும் இதுவே காரணம்.

ஆங்கிலத்தில் இக்கருவிக்கு வழங்கும் 'ரெயின் கேஜ்' என்ற பெயரின் பின்பாதியும் இத்தகைய வரலாறு உடையது. பீப்பாயிலுள்ள சாராயத்தின் அளவைக் கோல் விட்டுப் பார்த்துத் தீர்வை விதிக்கும் அதிகாரிக்கு அங்கே 'கேஜர்' என்று பெயர். ஒரு மொழியில் தானியப் படி, மற்றொரு மொழியில் சாராயத் தீர்வைக் கோல். இரு நாட்டிலும் மழைமானியின் பெயர் வரிவாங்குவோரின் பக்கத்து வீட்டுச் சொல்லாகவே இருக்கிறது.

கம்பெனி ஆட்சியில் மழையை அளந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களும் பொறியாளர்களும் வானியலாளர்களும். 1792-இல் கட்டப்பட்ட சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் வானிலையைப் பதிந்துவந்தார். சென்னையின் தொடர்ச்சியான மழைக்கணக்கு 1813 முதல் கிடைக்கிறது. உலகில் இத்தனை நீண்ட மழைத்தொடர் வைத்திருக்கும் வெப்பமண்டல நகரங்கள் அரியவை. வடகிழக்கிலோ நிலைமை வேறு. காசி மலையிலுள்ள சிரபுஞ்சியில் 1841 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 264 அங்குலம் பெய்ததாக இளம் பொறியாளர் ஹென்றி யூல் தெரிவித்தார். பிற்காலத்தில் 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியைத் தொகுத்த யூல்தான் இவர். இந்த எண்ணைக் கேட்டவர்கள் எளிதில் நம்பக்கூடியதாக அது இல்லை. 1850-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் தம் நண்பர் தாமஸ் தாம்சனோடு அங்கே சென்று தாமே அளந்தார். ஒரே பகலிரவில் 30 அங்குலம் பெய்ததைக் கண்டதாகவும், தாங்கள் தங்கியிருந்த மாதங்களில் 500 அங்குலத்துக்கு மேல் பெய்ததாகவும் பயண நூலில் எழுதினார். 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை அங்கே பதிவான 26,461 மில்லிமீட்டர், பன்னிரண்டு மாத மழைக்கு இன்றுவரை உலக உச்சம்.

அந்தக் காலத்து எண்களைப் படிக்கும்போது கருவி எங்கே இருந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. மாடும் ஆடும் சிறுவரும் அண்டாத இடம் என்பதால் மழைமானியை மாடிக்கு ஏற்றிவிடுவது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1760-களில் ஓராண்டு முழுவதும் மூன்று மானிகளை வைத்துப் பார்த்தார். தரையில் இருந்தது 22.6 அங்குலம் பிடித்தது. வீட்டுக் கூரையில் இருந்தது 18.1. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயக் கோபுரத்தின்மேல் இருந்தது 12.1. ஒரே வானம், ஒரே ஆண்டு, ஏறக்குறைய பாதி மழை காணாமற்போயிற்று! துளிகள் விழ விழப் பெருக்கின்றன என்றெல்லாம் விளக்கங்கள் கிளம்பின. பின்னாளில் பொருளியல் அறிஞராகப் புகழ்பெற்ற ஸ்டான்லி ஜெவன்ஸ் 1861-இல் விடையை எழுதினார். கட்டடத்தின் மீதும் கருவியின் மீதும் மோதி எழும்பும் காற்று துளிகளை வாய்க்கு அப்பால் தள்ளிவிடுகிறது, உயரம் கூடக் காற்றும் கூடுகிறது என்பதே அது. மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்ற பிற்கால விதியின் வேர் இங்கே இருக்கிறது.

இந்திய மழைக்கணக்கை ஒரே நாட்டுக் கணக்காக ஆக்கியவை பேரிடர்கள். 1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயல், 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது, ஒடிசா பஞ்சம் ஆகியவற்றுக்குப் பின்னர் 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை தோன்றியது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைமை அறிக்கையாளர். அதற்கு முன் மாகாணத்துக்கு ஒரு முறை, ஒரு நேரம், ஒரு படிவம் என்று இருந்தவற்றை ஒழுங்குபடுத்துவது அவர் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டே, 1876-இல் தக்காணத்திலும் சென்னை மாகாணத்திலும் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் அந்தப் பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஆராய்ந்த பஞ்சக் குழுவின் தலைவர் ரிச்சர்டு ஸ்ட்ராச்சி வானிலையியலிலும் தேர்ச்சி உடையவர். அதன்பின் மழையின் எண் ஆட்சியாளருக்கு வெறும் புள்ளிவிவரமாக இருக்கவில்லை. எந்தத் தாலுகாவில் நிலவரி தள்ளுபடி, எங்கே நிவாரண வேலை தொடங்குவது என்னும் கோப்புகளில் அது முதல் வரியாயிற்று. தானியம் இருந்தும் விலை எட்டாமல் மக்கள் மாண்டதையும், பஞ்ச காலத்திலேயே தானியம் கப்பலேறியதையும் மழையின் கணக்கில் எழுதி முடித்துவிடும் வசதியும் அதனோடு சேர்ந்து வந்தது. மழைமானி பஞ்சத்துக்கு வானத்தைச் சாட்சியாக்க முடியும், களஞ்சியத்தின் பூட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பிளான்ஃபோர்டு தம் பங்குக்கு எண்களிலிருந்து முன்னறிவிப்பைத் தேடினார். இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் அடுத்த பருவமழை தளர்கிறது என்ற தொடர்பை 1884-இல் வெளியிட்டார். 1886 முதல் பருவமழைக்கு முறையான முன்னறிவிப்பு வரத் தொடங்கியது. வராகமிகிரர் கேட்ட கேள்வியும் இதுவே. விடை தேடும் வழி வேறு.

தாலுகா அலுவலகங்களுக்கு வந்துசேர்ந்த கருவி சைமன்ஸ் மழைமானி. பிரிட்டனில் 1860 முதல் ஆயிரக்கணக்கான தன்னார்வலரைக்கொண்டு மழையளந்த ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்சின் பெயர் அதற்கு. வாய் 5 அங்குலம், விளிம்பு தரைக்கு ஓரடி மேலே. உள்ளே ஒரு குடுவை, கூடவே ஒரு கண்ணாடி அளவுகுழாய். குழாய் மானிக்கேற்ப கோடிடப்பட்டது என்பதே இங்கு கண்ணி. 8 அங்குல வாயுள்ள மானியின் நீரை 5 அங்குல மானிக்குரிய குழாயில் ஊற்றினால் மழை 2.56 மடங்காகும். குழாய் உடைந்து, கிடைத்த குழாயை வைத்துச் சமாளிக்கும் அலுவலகத்தில் ஒரு பஞ்சம் வெள்ளமாக மாறிவிட இதுவே போதும். இன்றைய கண்ணாடியிழை மானிகளிலும் 100, 200 சதுர சென்டிமீட்டர் என்று இருவகை வாய் உண்டு. ஒவ்வொன்றுக்கும் குழாய் தனி.

அங்குலக் காலத்தில் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கைச் 'சென்ட்' என்றனர். பத்து சென்ட் பெய்தால் அது 'மழைநாள்'. மெட்ரிக் அளவு வந்தபின் பத்து சென்ட் 2.5 மில்லிமீட்டர் ஆயிற்று. இன்றும் இந்திய வானிலைத் துறையில் மழைநாள் என்றால் 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும்தான். இயற்கையில் இந்த எண்ணுக்கு எந்தச் சிறப்பும் இல்லை. சைமன்ஸ் காலத்து அங்குலம் மில்லிமீட்டருக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது, பஞ்சாங்கத்தில் மரக்கால் ஒளிந்திருப்பதைப்போல.

இக்கருவியைத் தமிழில் 'மழைமானி' என்கிறோம். மலையாளத்தில் மழமாபினி, கன்னடத்தில் மளெமாபக, இந்தியில் வர்ஷாமாபி. எல்லாவற்றின் பின்பாதியும் அளத்தலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வெப்பமானி, அழுத்தமானி, ஈரமானி என்று தமிழில் 'மானி' ஒரு குடும்பமாகவே பெருகியது. ஆனால் அளப்பது வேறு, பதிவது வேறு. சாதாரண மழைமானி காலை 8.30 மணிக்கு வந்து பார்க்கும் ஆளுக்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் தரும். 24 மணி நேரத்தில் அந்த நீர் மென்தூறலாக வந்ததா, இரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா என்று சொல்லாது. பார்க்கும் ஆள் அன்று வராமல் மறுநாள் வந்து இரண்டு நாளையும் உத்தேசமாகப் பிரித்து எழுதினாலும் அது காட்டிக்கொடுக்காது. இதற்காக வந்ததே 'தன்பதிவு மழைமானி'. இதன் கலைச்சொல்லில் மானி என்ற பின்னொட்டு நின்றாலும் செயலால் இது ஒரு வரைவி. உள்ளே ஒரு மிதவை, அதனோடு இணைந்த பேனா, 24 மணி நேரத்தில் ஒருமுறை சுழலும் உருளையில் சுற்றிய வரைதாள். மழை இல்லாதபோது கோடு படுத்திருக்கும். மழை வலுக்க வலுக்கச் செங்குத்தாக எழும். 10 மில்லிமீட்டர் சேர்ந்ததும் வடிகுழாய் தானே நீரை வெளியேற்ற, பேனா அடித்தளத்துக்கு விழுந்து மீண்டும் ஏறும். வடியும் அந்தச் சில நொடிகளில் விழும் மழை முழுமையாகக் கணக்கில் சேராது என்பது இதன் குறை. கடும் மழையில் பேனா பலமுறை விழும், ஆகவே குறையும் பெருகும். மழை எந்த அளவுக்கு அபாயமாகிறதோ அந்த அளவுக்குக் கருவி குறைத்துச் சொல்கிறது.

விடுதலைக்குப் பின் இந்தக் கருவிகளுக்கெல்லாம் ஒரே தரம் வகுக்கும் வேலை அன்னா மாணியிடம் வந்தது. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். லண்டனில் வானிலைக் கருவியியல் பயின்று 1948-இல் புணேயிலுள்ள வானிலைத் துறையில் சேர்ந்தார். எளிய மழைமானி முதல் ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்கள் அவர் மேற்பார்வையில் தரப்படுத்தப்பட்டு இந்தியாவிலேயே செய்யப்படலாயின. ராமனின் மாணவி என்றும் ஓசோன் ஆய்வாளர் என்றும் அவரைப் போற்றுவோர், புனலின் விளிம்பு எத்தனை கூர்மையாக இருக்க வேண்டும் என்பது போன்ற வேலையை மறந்துவிடுகின்றனர். விளிம்பு மழுங்கியிருந்தால் அதில் பட்டுத் தெறிக்கும் துளி உள்ளே போவதா வெளியே போவதா என்பது தற்செயலாகிவிடும்.

2005 ஜூலை 26 அன்று மும்பையில் நடந்தது, சரியான கருவியும் சரியாகப் பார்க்கும் ஆளும் இருந்தும் போதவில்லை என்பதைக் காட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் மானி 944 மில்லிமீட்டர் காட்டியது. அதே நகரின் தென்முனையிலுள்ள கொலாபா மானி காட்டியது 75 மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டுமே சரியான எண்கள். இரண்டு மானிக்கும் இடையே பரவியிருந்த இலட்சக்கணக்கான மக்களின் தலைமேல் என்ன பெய்தது என்பதை எந்த மானியும் நேரடியாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகே மாநகராட்சி தீயணைப்பு நிலையங்களில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தகவல் அனுப்பும் தானியங்கி மானிகளை நிறுவியது. அர்த்தசாஸ்திரம் அளவிறந்த மழை என்று எழுதி எண் தராமல் விட்ட அபராந்தக் கரையில்தான் மும்பை இருக்கிறது.

சமவெளியில் 520 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மானி என்பது இந்தியத் தர விதியின் பரிந்துரை. சைமன்ஸ் மானியின் வாய்ப் பரப்பு 127 சதுர சென்டிமீட்டர். அதாவது மானி தான் அளக்கும் பரப்பைப்போல் 4,100 கோடி மடங்கு பரப்புக்குச் சாட்சி சொல்கிறது. கௌடிலியக் குண்டத்தின் வாய் இதைவிட 13 மடங்கு பெரிது, ஆனால் அது களஞ்சியத்துக்கு ஒன்று.

இந்தச் சாட்சியத்தின் எடை அண்மைக் காலத்தில் மீண்டும் கூடியிருக்கிறது. 2003-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் நிலக்கடலையும் ஆமணக்கும் பயிரிட்ட உழவர்களுக்கு மழையளவை அடிப்படையாகக் கொண்ட காப்பீடு சோதனையாகத் தொடங்கியது. 2007 முதல் வானிலை சார்ந்த பயிர்க் காப்பீடு அரசின் திட்டமாகவும் வந்தது. இதில் வயலுக்குச் சென்று விளைச்சலைப் பார்ப்பதில்லை. குறித்த நிலையத்து மானி, குறித்த நாள்களில், குறித்த அளவுக்குக் கீழ் காட்டினால் இழப்பீடு. மேலே காட்டினால் இல்லை. செலவும் ஊழலும் குறையும் என்பது இதன் வாதம், அதில் நியாயம் உண்டு. ஆனால் கோடை இடிமழை சாலைக்கு ஒருபுறம் பெய்து மறுபுறம் பெய்யாது என்பது எந்தச் சிற்றூரிலும் அறிந்த செய்தி. மானி நிற்கும் இடத்தில் ஒரு மேகம் கவிழ்ந்துவிட்டால், பத்துக் கிலோமீட்டர் தொலைவில் நிலக்கடலை காய்ந்தவருக்குப் பணம் வராது. காப்பீட்டுத் துறை இதை 'அடிப்படை இடர்' என்று கலைச்சொல் ஆக்கியிருக்கிறது. அந்த உழவர் தன் மண்ணைக் கையால் தோண்டிப் பார்த்து அரை உழவு மழைகூட இல்லை என்று சொல்லலாம். ஒப்பந்தத்தில் அந்த அளவைக்கு இடமில்லை. அவருடைய பருவம் எப்படிப் போயிற்று என்பதை அவர் கண்ணால் பார்த்திராத ஒரு புனலின் நீர், காலை 8.30 மணிக்கு முடிவு செய்கிறது.